'நான் -ணும் நாளைக்கு ரயில்ல போக': டச்சு வாக்கியம் ஏன் கடைசி வரை காக்க வைக்கிறது?

நெதர்லாந்தில் சீஸ் கடைக்கோ இறைச்சிக் கடைக்கோ போய், இவ்வளவு கிராம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைக்காரர் வெட்டித் தராசில் வைக்கிறார். முள் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. அப்போது அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் கேள்வி அந்த ஊரில் ரொம்ப பிரபலம்: "மஃக் எட் என் ஒன்ஷெ மேர் ஸெய்ன்?"

'ஒன்ஸ்' என்றால் அங்கே 100 கிராம். 'ஒன்ஷெ' அதன் செல்ல வடிவம். மொத்தக் கேள்வியின் அர்த்தம், "கொஞ்சம் கூட இருக்கலாமா?" அவ்வளவுதான். ஆனால் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரியும்: "-லாமா அது ஒரு நூறு கிராம் கூடுதலாக இருக்க?"

நம்ம ஊரில் 'இருக்கலாமா' என்று ஒட்டிக்கொண்டு வரும் ஒரே சொல்லை டச்சு மொழி இரண்டாக உடைத்துவிட்டது. 'லாமா' முதலில் வந்து நிற்கிறது. 'இருக்க' கடைசியில் வருகிறது. நடுவில் எடை, அளவு எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

புதிதாக டச்சு கற்பவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆங்கிலம் வழியாக டச்சுக்குப் போனால் இன்னும் தடுமாற்றம். தமிழ் வழியாகப் போனால்? பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஆங்கிலம் போதாதா?

ஐந்தோவன் பக்கத்தில் ஃபெல்ட்ஹோவனில் உள்ள ஏ.எஸ்.எம்.எல். போன்ற நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் குடியேறும் ஐ.டி. ஊழியர்களும் முதல் சில மாதங்களில் டச்சு இல்லாமலே சமாளித்துவிடுவார்கள். நீங்கள் திக்கித் திணறி ஒரு டச்சு வாக்கியம் ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்வதாகத்தான் அவர் நினைக்கிறார்.

ஆனால் தபால்காரர் கொண்டுவரும் கடிதங்கள் அப்படி மாறுவதில்லை. வரித்துறையிலிருந்து வரும் நீல நிற உறை அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. உள்ளே இருப்பது டச்சு. நகராட்சிக் கடிதம், பள்ளிக்கூட நோட்டீஸ், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் எல்லாமே டச்சு. இவற்றில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று விஷயங்கள்: நீங்கள் செய்தாக வேண்டியது, செய்யலாம் என்பது, செய்யக் கூடாது என்பது. அதாவது துணைவினைகள்.

அங்கேயே தங்க நினைப்பவர்களுக்குத் தேர்வும் இருக்கிறது. புகலிடம் பெற்றவர்கள், குடும்பத்தோடு சேர வருபவர்கள் போன்றோருக்கான புதிய 'இன்பர்ஃகரிங்' சட்டம் 2022 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்குள் பி1 நிலை என்பதுதான் அதன் பொதுவான இலக்கு. வேலை விசாவில் போகிறவர்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் நிரந்தரக் குடியிருப்பு, குடியுரிமை என்று வரும்போது மொழித் தேர்வு அவர்கள் முன்னாலும் வந்து நிற்கும். 1980-களில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள் இந்த மொழியோடு பல ஆண்டுகளுக்கு முன்பே மல்லுக்கட்டியவர்கள்.

முதலில் ஆட்களை அறிமுகம் செய்துகொள்வோம்

'மூட்டன்' என்றால் வேண்டும், கட்டாயம். 'மோஃகன்' என்றால் அனுமதி உண்டு. 'குன்னன்' என்றால் முடியும். 'ஸுல்லன்' எதிர்காலம், வாக்குறுதி, யோசனை கேட்பது போன்றவற்றுக்கு வரும். 'வில்லன்' என்றால் விரும்புவது. நம்பியாருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வாக்கியத்தில் 'நான்' என்று வரும்போது இவை 'மூட்', 'மஃக்', 'கன்', 'ஸல்', 'வில்' எனச் சுருங்கும். 'மஃக்' என்பதில் வரும் ஆய்தம் சும்மா போட்டதல்ல. 'எஃகு' என்று சொல்லும்போது தொண்டையில் ஒரு மூச்சு உரசுகிறதே, டச்சுக்காரர்களின் 'ஃக்' ஏறக்குறைய அதுதான். அவர்கள் இன்னும் கொஞ்சம் பலமாக உரசுவார்கள். மற்றபடி தமிழ் எழுத்தில் டச்சு உச்சரிப்பைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது, தோராயம்தான்.

இடுக்கிப் பிடி

விதி இதுதான். சாதாரண வாக்கியத்தில் துணைவினை இரண்டாவது இடத்தில் வரும். உண்மையான வேலையைச் சொல்லும் வினை, கடைசி இடத்துக்குப் போய்விடும். மற்ற அனைத்தும் நடுவில். டச்சு இலக்கணத்தில் இதற்கு 'டங்' அமைப்பு என்று பெயர். 'டங்' என்றால் இடுக்கி. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும் இடுக்கியின் இரண்டு கைகள் போல, இரண்டு வினைகள் வாக்கியத்தை இரு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு வாக்கியம்: "இக் மூட் மோர்ஃகன் மெட் டெ ட்ரெய்ன் நார் யூட்ரெக்ட் ஃகான்."

சொல்லுக்குச் சொல் மாற்றினால்: "நான் -ணும் நாளைக்கு ரயிலில் யூட்ரெக்ட்டுக்குப் போக."

இப்போது அந்த '-ணும்' என்பதை மட்டும் தூக்கி 'போக' பக்கத்தில் ஒட்டுங்கள். "நான் நாளைக்கு ரயிலில் யூட்ரெக்ட்டுக்குப் போகணும்." எழுத்துப் பிசகாமல் தமிழ்! முதலில் எப்போது, அடுத்து எப்படி, பிறகு எங்கே, கடைசியில் என்ன செய்ய. இந்த வரிசைதான் டச்சு வகுப்புகளில் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. தமிழ் பேசுபவர் அதை யோசிக்காமலே சொல்லிவிடுவார்.

இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'நான்', 'வேண்டும்' முடிந்த உடனே 'போக' வந்துவிடும். பிறகு யூட்ரெக்ட், பிறகு ரயில், கடைசியில் நாளை. 'போக' என்பதில் தொடங்கி அப்படியே தலைகீழ். சென்னையிலோ கோவையிலோ படித்துவிட்டு அங்கே போகிறவர், புது மொழி என்றாலே ஆங்கிலத்தைத்தான் ஏணியாகப் போடுவார். பாடப்புத்தகமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மொபைல் ஆப்பும் அப்படித்தான். அதனால் 'இக் மூட் ஃகான்' என்று இரண்டு வினைகளையும் ஒட்டவைத்து, மீதியைப் பின்னால் தொங்கவிட்டுவிடுவார். கேட்பவருக்குப் புரியும். ஆனால் தேர்வில் தப்பு தப்புதான்.

இது ஏதோ தற்செயல் ஒற்றுமை இல்லை. 1975-ல் யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். டச்சு அடிப்படையில் எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை கொண்ட மொழி என்பதே அதன் தலைப்பு. தமிழின் அதே வரிசை. வினைக்குச் சொந்த ஊர் வாக்கியத்தின் கடைசிதான், சாதாரண வாக்கியத்தில் ஒரே ஒரு வினை மட்டும் முன்னால் நகர்ந்து இரண்டாம் இடத்துக்கு வருகிறது என்பது அவர் வாதம். மொழியியல் மாணவர்கள் இன்றும் டச்சு வாக்கியத்தை இப்படித்தான் பிரித்துப் படிக்கிறார்கள்.

இரண்டு வயதுக் குழந்தைகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். டச்சுக் குழந்தைகள் பேச ஆரம்பிக்கும் கட்டத்தில் "கூக்யெ ஏட்டன்" என்பார்கள். பிஸ்கட், சாப்பிட. முன்னால் வரவேண்டிய 'வில்' இன்னும் வாயில் வரவில்லை. ஆனாலும் குழந்தை கேட்பது 'பிஸ்கட் சாப்பிடணும்' என்றுதான் எல்லோருக்கும் புரிகிறது. குழந்தைகளின் இந்த வகை வாக்கியங்களில் பெரும்பாலும் ஆசையோ தேவையோ ஒளிந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடைசி வினை முதலில் வந்துவிடுகிறது, இரண்டாம் இடத்து வினையைப் பிறகுதான் பழகுகிறார்கள்.

அந்த இரண்டாவது சீட்

தமிழர்களுக்குச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். வாக்கியத்தின் இரண்டாவது இடம் ரிசர்வ் செய்யப்பட்டது. வினையைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது.

"நாளைக்கு நான்..." என்று ஆரம்பிப்பது தமிழில் ரொம்ப இயல்பு. அதே மூடில் 'மோர்ஃகன் இக் மூட்' என்று போனால் தப்பு. 'மோர்ஃகன்' முதல் சீட்டைப் பிடித்துவிட்டது. அடுத்த சீட் 'மூட்' உடையது. 'இக்' எழுந்து பின்னால் போக வேண்டும்: "மோர்ஃகன் மூட் இக் வெர்கன்." நாளைக்கு நான் வேலை செய்யணும்.

இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது சொல் என்று அர்த்தமில்லை. 'வோல்ஃகெண்டெ வேக் ஃப்ரெய்டாஃக்', அதாவது 'அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை', மூன்று சொல். ஆனால் மூவரும் ஒரே டிக்கெட்டில் வந்தவர்கள். அதற்கு அடுத்துத்தான் 'மூட்'. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்றால் வினை முதல் சீட்டுக்கே நகர்ந்துவிடும். சீஸ் கடைக்காரரின் 'மஃக்' முதலில் வந்தது அதனால்தான்.

டச்சு கற்கும் வெளிநாட்டவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் சறுக்கும் இடம் இது. பேசும்போது காலமும் இடமும் முதலில் வாயில் வந்துவிடும். அதற்கு அடுத்து 'நான்' தானாக வழுக்கிக்கொண்டு வரும்.

'ஏனென்றால்' வந்தால் எல்லாம் மாறும்

'ஓம்டட்' என்றால் ஏனென்றால், காரணம் சொல்லும் சொல். இந்த மாதிரிச் சொல்லோடு தொடங்கும் கிளை வாக்கியத்தில் இரண்டாவது சீட் விதி ரத்து. முன்னால் போயிருந்த துணைவினையும் கடைசிக்கே திரும்பிவிடும்.

"ஓம்டட் இக் மோர்ஃகன் வெர்கன் மூட்."

'ஓம்டட்' நீங்கலாக மற்றதைப் பாருங்கள். இக், மோர்ஃகன், வெர்கன், மூட். நான், நாளைக்கு, வேலைசெய்ய, வேண்டும். ஒரு சொல்கூட இடம் மாற்ற வேண்டாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார். தமிழ் தெரிந்தவருக்கு இது வீட்டுச் சாப்பாடு.

ஒரு சின்ன ஏமாற்றம் மட்டும் உண்டு. இப்படிச் சொல்வது சரிதான் என்றாலும், நெதர்லாந்தில் இன்று அதிகம் காதில் விழுவது "மூட் வெர்கன்" என்ற வரிசை. வேண்டும், வேலைசெய்ய. இலக்கணக்காரர்கள் துணைவினை முன்னால் வருவதைச் 'சிவப்பு வரிசை' என்றும், பின்னால் வருவதைப் 'பச்சை வரிசை' என்றும் சொல்கிறார்கள். 1953-ல் வெளிவந்த வட்டார வழக்கு ஆய்வு ஒன்றின் வரைபடங்களில் பயன்படுத்திய நிறங்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. தமிழ் பச்சை வரிசை மொழி. டச்சு இரண்டு நிறத்தையும் வைத்துக்கொண்டு, பேச்சில் சிவப்பின் பக்கம் சாய்கிறது.

மூன்று வினைகள் சேரும்போது தமிழ்ப் பழக்கம் அநேகமாகக் கைவிட்டுவிடும். தினசரி வாழ்க்கையில் அவசியம் தேவைப்படும் ஒரு வாக்கியம்: "ஸௌ யூ டட் குன்னன் ஹெர்ஹாலன்?" அதைத் திரும்பச் சொல்ல முடியுமா? 'ஸௌ' என்பது 'ஸுல்லன்' குடும்பத்து மரியாதைச் சொல். கடைசியில் 'குன்னன் ஹெர்ஹாலன்', அதாவது 'முடிய, திரும்பச்சொல்ல'. இங்கே 'ஹெர்ஹாலன் குன்னன்' என்று தமிழ் வரிசையில் புரட்டிப் போட முடியாது. இதை அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. முதல் வருடத்தில் தினமும் தேவைப்படும்.

இறந்தகாலத்தில் இன்னொரு குறும்பு இருக்கிறது. 'விரும்பினேன்' என்று தனியாகச் சொன்னால் 'ஃகெவில்ட்' என்று முறையாக இறந்தகால வேஷம் போட்டுக்கொள்ளும். கூடவே இன்னொரு வினை வந்தால் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பழையபடி 'வில்லன்' ஆகிவிடும். "இக் ஹெப் அல்டெய்ட் வில்லன் ரெய்ஸன்." எப்போதுமே பயணம் போக ஆசைப்பட்டிருக்கிறேன். ஏன் இப்படி என்று டச்சுக்காரர்களிடமே கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள்.

துணைவினை வந்தால் ஒரு நன்மையும் உண்டு. டச்சில் சில வினைகள் இரண்டாக உடையும். 'ஓப்பெல்லன்' என்றால் போன் செய்வது. "இக் பெல் மெய்ன் மூடர் ஓப்" என்னும்போது தலை கடைசியிலும் உடல் இரண்டாம் இடத்திலும் கிடக்கும். அம்மாவுக்கு போன் செய்கிறேன் என்பதுதான் அது. 'மூட்' சேர்த்துவிட்டால் உடைந்தது ஒட்டிக்கொள்ளும்: "இக் மூட் மெய்ன் மூடர் ஓப்பெல்லன்." எந்தத் துண்டு எங்கே போகும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு 'மூட்' அல்லது 'வில்' போட்டுப் பேசினால் தப்பிக்கலாம். கொஞ்சம் ஏமாற்று வேலைதான், ஆனால் உதவும்.

வினையே இல்லாமல் துணைவினை மட்டும் நிற்பதும் சகஜம். "இக் மூட் நார் ஹௌஸ்", வீட்டுக்குப் போகணும். 'போக' அங்கே இல்லை. நாமும் 'எனக்கு காபி வேணும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோமே, 'குடிக்க' எங்கே? "டட் மூட் குன்னன்" என்ற ஒரு வழக்கும் உண்டு. இரண்டுமே துணைவினை. சொல்லுக்குச் சொல் 'அது முடிந்தாக வேண்டும்', உண்மையில் 'பரவாயில்லை, அதற்கெல்லாம் இடம் கொடுக்கலாம்' என்ற தொனி. அந்த ஊரின் சகிப்புத்தன்மை பற்றி விவாதம் வரும்போதெல்லாம் இந்த மூன்று சொல்லையும் யாராவது இழுப்பார்கள்.

'நீட்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

'நீட்' என்றால் டச்சில் எதிர்மறை: இல்லை, அல்ல. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சொல் மறக்காது.

துணைவினை வாக்கியங்களில் இது இடுக்கிக்கு நடுவில், பெரும்பாலும் கடைசியை ஒட்டி வரும். மருந்துத் தாளில் இருக்கக்கூடிய ஒரு வரி: "யூ மஃக் டிட் மெடிசெய்ன் நீட் மெட் ஆல்கஹோல் இன்நேமன்." முதல் நான்கு சொல்லை மட்டும் படித்தால் 'நீங்கள் இந்த மருந்தை... -லாம்'. அனுமதி கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஐந்தாவது சொல்லில் கதை மாறுகிறது: மதுவோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஆபத்து. தமிழிலும் 'சாப்பிட' வரை படித்துவிட்டு 'லாம்' வருமா 'க்கூடாது' வருமா என்று காத்திருப்பது நமக்குப் பழக்கம்தான்.

இதைவிடப் பெரிய குழி 'வேண்டாம்'. தமிழில் 'நீ நாளைக்கு வர வேண்டாம்' என்றால் இரண்டு அர்த்தம். 'வராதே' என்ற தடையாகவும் இருக்கலாம், 'வரணும்னு அவசியம் இல்லை' என்ற சலுகையாகவும் இருக்கலாம். சொல்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறோம். நெதர்லாந்து டச்சில் இரண்டுக்கும் தனித்தனி வினை. சலுகைக்கு 'ஹூவன்': "யூ ஹூஃப்ட் நீட் த பெட்டாலன்." நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. கடைசி வினைக்கு முன்னால் 'த' என்ற குட்டிச் சொல் வருவதைக் கவனியுங்கள். மூட்டன், மோஃகன், குன்னன், வில்லன் யாருக்கும் அந்த 'த' கிடையாது. ஹூவனுக்கு மட்டும் உண்டு. கடிதத்தில் 'ஹூஃப்ட் நீட்' என்று பார்த்தால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். 'மஃக் நீட்' என்றால் தடை.

'மூட் நீட்' என்றால்? அது எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. "யெ மூட் மோர்ஃகன் நீட் கோமன்" என்று நெதர்லாந்தில் ஒருவர் சொன்னால், நாளைக்கு வரக் கூடாது, வராமல் இருப்பதுதான் நல்லது என்று பொருள். எல்லை தாண்டி பெல்ஜியத்தின் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குப் போனால், அதே வாக்கியம் பெரும்பாலும் 'வரணும்னு இல்லை, வந்தாலும் சரி' என்ற அர்த்தத்தில் புழங்குகிறது. நெதர்லாந்துக்காரர் 'ஹூஃப்ட் நீட் த' போடும் இடத்தில் ஃபிளாண்டர்ஸ்காரர் 'மூட் நீட்' போடுகிறார். நம்ம 'வேண்டாம்' போலவே. ஆம்ஸ்டல்வேனில் டச்சு கற்றுக்கொண்டு ஆன்ட்வெர்ப்பில் வேலைக்குச் சேர்பவரிடம் மேலாளர் இதைச் சொன்னால், மீட்டிங்குக்கு வர வேண்டாம் என்று ஏன் ஒதுக்குகிறார் என்று அவர் குழம்ப வாய்ப்புண்டு. அப்போது கைகொடுப்பது மனப்பாடம் செய்த அந்த வாக்கியம்தான்: "ஸௌ யூ டட் குன்னன் ஹெர்ஹாலன்?"